கல்யாண லைவ்: ஓபிஎஸ் சீன்களை ஏஜென்ட் திருத்துகிறது, ஓடிக்கொண்டிருக்கும் லைவில் அது கை வைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

நெல்லைலைவ் கேட்டது:

வணக்கம். திருநெல்வேலியில் கல்யாண லைவ் பண்ணுகிறேன். மூன்று கேமரா, ஒரு லேப்டாப், கேமராக்களை மாற்றி லைவ் அனுப்ப ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருள். யூடியூப் லிங்கை வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம். மண்டபத்துக்கு வர முடியாத சொந்தக்காரர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து பார்ப்பார்கள்.

என்னிடம் 9 சீன் (திரையில் காட்டும் அமைப்பு) உள்ள ஒரு கலெக்‌ஷன் இருக்கிறது. "சற்று நேரத்தில்" அட்டை, மேடை வைடு, மேடை குளோசப், இரண்டு கேமரா பக்கம் பக்கமாக, நாதஸ்வரம், வாழ்த்துரை, கடைசியில் நன்றி அட்டை என்று போகும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பேர், தேதி, மண்டபம், மணமக்கள் படம், பேர்ப் பட்டையின் நிறம் எல்லாம் மாறும். அழைப்பிதழ் அரக்கு நிறம் என்றால் பட்டையும் அரக்கில் வேண்டும் என்பார்கள், அது நியாயமான ஆசைதான். இதை 9 சீனிலும் கையால் மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரம்கூட. வைகாசியில் அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் வரும். ரிசப்ஷன் முடிந்து ராத்திரி 11.30க்கு வீட்டுக்கு வந்தால், காலை 4 மணிக்கு அடுத்த மண்டபத்தில் கேபிள் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நடுவில்தான் இந்த வேலை.

அதனால் ஏஜென்ட் பக்கம், அதாவது சொன்னதை மென்பொருளில் தானே செய்கிற ஏஐ உதவியாளர் பக்கம் போனேன். ஓபிஎஸ் 28ஆம் பதிப்பிலிருந்து, வெளி நிரல்கள் அதை இயக்குவதற்கான வெப்சாக்கெட் உள்ளேயே வருகிறது. டூல்ஸ் மெனுவில் இயக்கி ஒரு பாஸ்வேர்டு வைத்தால் 4455 போர்ட்டில் காத்திருக்கும். அதோடு பேசுகிற ஒரு எம்சிபி சர்வரை (ஏஜென்டுக்குக் கருவிகளைக் கொடுக்கிற நிரல்) கிட்ஹப் தளத்திலிருந்து எடுத்து மாட்டினேன். "எல்லா சீனிலும் மணமகன் பேரை மாற்று, பட்டையை அரக்கு நிறமாக்கு, இரண்டு கேமரா சீனில் இடது பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக்கு" என்று தமிழிலேயே எழுதினால் செய்கிறது. முதல் நாள் ராத்திரி அது ஒவ்வொரு சீனாகப் போய் மாற்றுவதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைத்தது போல இருந்தது. உண்மையாகவே கிடைத்தது.

போன ஆனியில் ஒரு முகூர்த்தத்தில் தப்பு நடந்தது. லைவ் ஓடிக்கொண்டிருக்கிறது, மாலை மாற்றுகிற நேரம். பேர்ப் பட்டை ஐயரின் தலையை மறைக்கிறதே என்று, "பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கு, எல்லா சீனிலும் சரியாக இருக்கிறதா பார்" என்று எழுதிவிட்டேன். "பார்" என்ற சொல்லை அது அப்படியே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சீனாக லைவுக்குக் கொண்டுவந்து படம் பிடித்துப் பார்த்தது. "வருகை தந்து வாழ்த்திய அனைவருக்கும் நன்றி" என்ற அட்டை 5, 6 விநாடி ஓடியது. நான் மவுசைப் பிடித்து மேடைக்குத் திரும்புவதற்குள் மாலை மாற்றியாகிவிட்டது. பெண்ணின் பெரியப்பா துபாயிலிருந்து மண்டபத்துக்கு போன் போட்டு "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டிருக்கிறார். கேமரா பதிவில் அந்தக் காட்சி இருக்கிறது, பிறகு கொடுத்தும் விட்டேன். ஆனால் அவர் லீவு கிடைக்காமல் அங்கே உட்கார்ந்து காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்காக.

ஏஜென்டை விட்டுவிட எனக்கு மனசில்லை. லைவில் மட்டும் அது கை வைக்கவே முடியாதபடி கட்டிப்போட வழி சொல்லுங்கள். முதலில் பார்த்துவிட்டு லைவுக்கு அனுப்புகிற ஸ்டுடியோ மோடு போட்டால் போதுமா?

கோவைநிரலர் எழுதியது:

முதலில், சீனைப் பார்க்க அதை லைவுக்குக் கொண்டுவரத் தேவையே இல்லை. வெப்சாக்கெட்டில் "கெட் சோர்ஸ் ஸ்கிரீன்ஷாட்" என்று ஒரு ரிக்வெஸ்ட் இருக்கிறது. சோர்ஸ் (சீனுக்குள் இருக்கும் கேமரா, எழுத்து, படம் போன்றவை) பேர் கேட்கிற இடத்தில் சீனின் பேரையே கொடுக்கலாம். எந்த சீன் லைவில் இருந்தாலும், நீங்கள் கேட்ட சீனைத் தனியாக வரைந்து படமாகத் தரும். நீங்கள் மாட்டிய சர்வர் இதை ஏஜென்டுக்குக் கொடுக்காமல் இருக்கலாம், அல்லது கொடுத்தும் விளக்கம் சரியாக எழுதாமல் இருக்கலாம். அப்போது ஏஜென்ட் தன்னிடம் இருக்கிற கருவியை வைத்துத்தான் வேலையை முடிக்கப் பார்க்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: காட்டப்படாதபோது அணைந்துவிடும்படி வைத்திருக்கிற சோர்ஸ்கள், அதாவது "திரையில் இல்லாதபோது நிறுத்து" என்று டிக் போட்ட பிரவுசர் சோர்ஸ் (வலைப்பக்கத்தைக் காட்டும் சோர்ஸ்) போன்றவை, முதல் படத்தில் காலியாகவோ கறுப்பாகவோ வரலாம். ஏஜென்ட் அதைப் பார்த்து "படம் இல்லை" என்று முடிவு கட்டி எதையாவது சரிசெய்யக் கிளம்பும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இனி கட்டிப்போடுவது. ஓபிஎஸ் வெப்சாக்கெட்டில் அனுமதிப் படிநிலை எதுவும் கிடையாது. பாஸ்வேர்டு தெரிந்தால் பேரையும் மாற்றலாம், சீனையும் அழிக்கலாம், ஸ்ட்ரீமையும் நிறுத்தலாம். "லைவைத் தொடாதே" என்று ஏஜென்டிடம் எழுதி வைப்பது வேண்டுகோள் மட்டும்தான். பூட்டு வேண்டுமென்றால் நடுவில் நாமே ஒரு மெல்லிய சர்வர் எழுத வேண்டும். பைத்தானில் 150 வரிக்குள் முடிந்துவிடும். அதில் நாம் எழுதாத கருவி ஏஜென்டுக்குத் தெரியவே தெரியாது.

என் சர்வரில் படிப்பதற்கு நான்கு: சீன் பட்டியல், ஒரு சீனுக்குள் இருக்கும் பொருள்களின் பட்டியல், ஒரு பொருளின் இடமும் அளவும், ஸ்கிரீன்ஷாட். மாற்றுவதற்கு மூன்று: இடமும் அளவும், காட்டு அல்லது மறை, சோர்ஸின் அமைப்பு. அவ்வளவுதான். புரோகிராம் சீனை (லைவில் போகும் சீனை) மாற்றுவது, ஸ்ட்ரீம் தொடங்குவது, நிறுத்துவது, எதையும் அழிப்பது, கலெக்‌ஷனை மாற்றுவது எதுவும் கிடையாது. ஸ்ட்ரீம் சேவை அமைப்பைப் படிக்கிற ரிக்வெஸ்டையும் கட்டாயம் விலக்குங்கள், அது உங்கள் ஸ்ட்ரீம் கீயை (லைவ் அனுப்புவதற்கான ரகசியக் குறியீட்டை) அப்படியே எழுத்தாகத் திருப்பித் தரும். அது ஏஜென்டின் உரையாடலுக்குள் போய் உட்கார்வதற்கு எந்தத் தேவையும் இல்லை.

மாற்றுகிற மூன்றுக்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கட்டும்: ஸ்ட்ரீம் ஓடுகிறதா என்று ஓபிஎஸ்ஸிடம் கேள், ஓடினால் மறுத்துவிடு. "லைவில் இல்லாத சீனை மட்டும் மாற்ற விடலாமே" என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது போதாது, ஏனென்றால் ஓபிஎஸ்ஸில் ஒரே சோர்ஸ் பல சீனில் இருந்தால் அது ஒரே பொருள்தான். இடமும் அளவும் சீனுக்குச் சீன் தனி. ஆனால் எழுத்து, நிறம், எழுத்துரு எல்லாம் சோர்ஸோடு ஒட்டியவை. நன்றி அட்டையில் பேரைத் திருத்தினால் மேடையில் ஓடுகிற பட்டையிலும் அந்த நொடியே மாறும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, வெப்சாக்கெட் வழியாகப் போன மாற்றத்துக்கு கண்ட்ரோல் இசட் எனக்கு உதவியதில்லை. மாற்றுவதற்கு முன் பழைய மதிப்புகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து, "முன்பு இருந்தபடி" என்று ஒரு கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, நங்கூரப் புள்ளி. ஒரு பொருளின் இடம் என்பது எந்த மூலையிலிருந்து அளந்தது என்பதை அலைன்மென்ட் என்ற எண் சொல்லும். 5 என்றால் இடது மேல் மூலை, 9 என்றால் இடது கீழ் மூலை, 0 என்றால் நடு. உங்கள் பட்டை 9இல் இருந்து, ஏஜென்ட் 5 என்று நினைத்துக் கணக்குப் போட்டால், பட்டை அதன் உயரம் அளவுக்கு மேலே தள்ளிப் போய் நிற்கும். படிக்கிற கருவி இந்த எண்ணையும் சேர்த்து, சொல்லாகவே திருப்பித் தரட்டும்.

நெல்லைலைவ் எழுதியது:

நன்றி அண்ணா. ஸ்கிரீன்ஷாட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் வைத்திருந்த சர்வரைத் திறந்து பார்த்தேன், அதில் அந்தக் கருவி இல்லை. பைத்தான் கொஞ்சம் படிப்பேன், எழுதிப் பார்க்கிறேன். ஸ்டுடியோ மோடு பற்றி?

பிசிஆர்காரர் எழுதியது:

தம்பி, நான் சென்னையில் ஒரு டிவி சேனலின் பிசிஆரில் (கன்ட்ரோல் ரூமில்) 22 வருஷம் கேமரா மாற்றுகிற ஸ்விட்சர் பார்த்தவன். இப்போது ஓய்வு. ஏஜென்ட் எனக்குப் புதிது, பிரிவியூவும் புரோகிராமும் பழசு.

ஸ்டுடியோ மோடு நல்லது, கட்டாயம் போடு. இடது பக்கம் பார்த்துவிட்டு வலது பக்கம் அனுப்புகிற பழக்கம் வந்துவிட்டால் உன் கை தவறாது. ஆனால் அது உன் கைக்குத்தான் காவல். வெப்சாக்கெட் வழியாக "இந்த சீனைப் புரோகிராமில் வை" என்று வந்தால், ஸ்டுடியோ மோடு இருந்தாலும் ஓபிஎஸ் வைத்துவிடும். வீட்டில் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டே சொல்கிறேன்.

அப்புறம், எனக்கு ஒன்று தோன்றுகிறது. 9 சீனிலும் பேரைத் தனித்தனியாக ஏன் வைத்திருக்கிறாய்? பட்டை, பேர், பூ அலங்காரம் மூன்றையும் சேர்த்து "பட்டை" என்று ஒரே ஒரு சீன் செய். அந்த சீனையே ஒரு சோர்ஸாக மற்ற சீன்களுக்குள் போடு, ஓபிஎஸ் அதை அனுமதிக்கும். பேரும் நிறமும் ஒரே இடத்தில் மாறினால் போதும். உன் முக்கால் மணி நேரம் ஏஜென்ட் இல்லாமலே பாதியாகக் குறையும். ஏஜென்டுக்கும் தப்புச் செய்ய இடம் குறையும். கன்ட்ரோல் ரூமில் கிராபிக்ஸைத் தனியாகவும் கேமராவைத் தனியாகவும் வைத்ததற்குக் காரணமே இதுதான். பேர் போடுகிறவர் கேமராவைத் தொட முடியாது.

கல்யாணத்தில் ஒத்திகை கிடையாது. ஐயர் கையைத் தூக்குவார், கெட்டிமேளம் தொடங்கும், அதுதான் உனக்கு சிக்னல். அந்த நேரத்தில் உன் கண் மேடையில் இருக்க வேண்டும். குளோசப்புக்கு ஒரு விசை, வைடுக்கு ஒரு விசை, ஓபிஎஸ் ஹாட்கீயில் வைத்துக்கொள். அந்த விசைக்கும் புரோகிராமுக்கும் நடுவில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. தலையைப் பட்டை மறைத்தால் பட்டையை மறைத்துவிட்டுப் போ. பேரை எல்லாரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

ஆராதனைலைவ் எழுதியது:

நாகர்கோவில். எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனைக்கு லைவ் பார்க்கிறேன். லேப்டாப்பில் லினக்ஸ்.

லினக்ஸில் ஓபிஎஸ்ஸோடு வருகிற ஃப்ரீடைப் எழுத்து சோர்ஸில் தமிழ் சரியாக உருவாகாது. "கொடுத்தீர்" என்று தட்டினால் கொம்பும் காலும் தப்பான இடத்தில் நிற்கும். பாட்டு வரிகளுக்காக நான் பிரவுசர் சோர்ஸுக்கு மாறினேன். ஒரு எச்டிஎம்எல் (வலைப்பக்க) கோப்பு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு. கொம்பு, கால், புள்ளி எல்லாம் ஒழுங்காக விழுகிறது.

இது உங்கள் கேள்விக்கும் உதவும். பிரவுசர் சோர்ஸ் என்றால் பேர், தேதி, நிறம் எல்லாம் ஒரு சின்ன ஜேசன் கோப்பில் (விவரங்களை எழுதிவைக்கும் எழுத்துக் கோப்பு) இருக்கலாம். எச்டிஎம்எல் அதைப் படித்துக் காட்டும். ஏஜென்ட் அந்தக் கோப்பை மட்டும் எழுதினால் போதும், ஓபிஎஸ் பக்கமே வர வேண்டாம். கோப்பு மாறிய பிறகு பிரவுசர் சோர்ஸின் பண்புகளில் இருக்கிற புதுப்பி பொத்தானை நீங்களே அழுத்துங்கள். அதை அழுத்தும் வரைக்கும் திரையில் எதுவும் மாறாது. நான் தானாகப் புதுப்பிக்கிற மாதிரி எழுதி வைத்திருந்து, ஜெப நேரத்தில் அடுத்த பாட்டின் முதல் வரி வந்து நின்றது. அன்றோடு அதை எடுத்துவிட்டேன்.

ஒத்திகைக்கு இரண்டாவது ஓபிஎஸ்ஸைத் திறக்கலாம். மல்டி என்ற தொடக்கத் தேர்வோடு திறந்தால் முதலாவது ஓடும்போதே இன்னொன்று திறக்கும், வெப்சாக்கெட் போர்ட்டையும் தொடக்கத்திலேயே வேறாகக் கொடுக்கலாம். நான் 4456 வைத்திருக்கிறேன். ஏஜென்டுக்கு அந்தப் போர்ட் மட்டும்தான் தெரியும்.

நெல்லைலைவ் எழுதியது:

ஆடி முழுக்க முகூர்த்தம் இல்லை, உட்கார்ந்து செய்து முடித்தேன். மூன்று பேர் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன். எப்படிப் போகிறது என்று எழுதுவது என் கடமை.

பட்டை இப்போது ஒரே சீன், மற்ற 9 சீனுக்குள் அது சோர்ஸாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு பிரவுசர் சோர்ஸ். பேரும் நிறமும் ஜேசன் கோப்பில். ஏஜென்டுக்கு என் சொந்த சர்வர், மொத்தம் 6 கருவி. ஸ்ட்ரீம் ஓடும்போது எதைக் கேட்டாலும் "லைவ் ஓடுகிறது, மாற்ற மாட்டேன்" என்று திருப்பி அனுப்புகிறது. தனிப்பட்ட ஒரு லிங்கில் லைவ் ஓடவிட்டு, வேண்டுமென்றே 20 தடவை விதவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். "அவசரம், சீக்கிரம் மாற்று" என்றுகூடக் கேட்டேன். ஏஜென்ட் முயன்றது, சர்வர் விடவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

பழைய ஐந்து கல்யாணங்களின் விவரத்தை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு 7 நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. வேலை முடிந்ததும் ஏஜென்ட் 9 சீனையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே பக்கத்தில் அடுக்கித் தருகிறது. அதை முதலில் போனில் பார்க்கிறேன், ஏனென்றால் லிங்கைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். சின்னத் திரையில் பேர் படிக்க முடிகிறதா என்பது லேப்டாப்பில் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏஜென்டை நிறுத்திவிட்டேன். அழைப்பிதழைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் பேரை அதுவே படித்து எழுதும் என்று முதலில் வைத்திருந்தேன். நன்றாகவே படித்தது. ஆனால் ஒரு அழைப்பிதழில் தாத்தா பேருக்கு முன்னால் இருந்த "தெய்வத்திரு" விடுபட்டுப் போனது. இன்னொன்றில் பட்டைக்குள் அடங்கவில்லை என்று "திருநிறைச்செல்வி"யை அதுவாகவே எடுத்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, "இப்போது தெளிவாக இருக்கிறது" என்று எழுதியிருந்தது. அளவைப் பார்த்தால் அது செய்தது சரி. அந்தக் குடும்பத்துக்கு அது சரியில்லை. தாத்தா இருக்கிறாரா இல்லையா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. லைவில் தப்பாகப் போனால் பதிவிலும் அப்படியே நிற்கும், பேரன் பேத்தி பார்க்கிற வீடியோ அது. அதனால் பேர்கள் எல்லாவற்றையும் நானே தட்டுகிறேன். வீட்டார் ஒருவருக்கு வாட்சப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் கோப்பில் ஏற்றுகிறேன். சொல்லை வெட்டவோ சுருக்கவோ கூடாது, இடம் போதவில்லை என்றால் இரண்டு வரியாக்கு என்று எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிட்டேன். இப்போது ஏஜென்டுக்கு அந்த முடிவே கிடையாது.

பிசிஆர்காரர் ஐயா சொன்ன ஹாட்கீயும் வைத்தாயிற்று. எஃப்1 வைடு, எஃப்2 குளோசப், எஃப்4 பட்டையை மறைக்க. மண்டபத்துக்குப் போனதும் லேப்டாப்பில் ஏஜென்டை மூடிவிடுகிறேன், சர்வரையும் சேர்த்து.

கடைசியாக ஒரு சந்தேகம். மணமக்கள் படம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவில் வருகிறது, சிலது நெட்டுக்குத்தாக, சிலது படுக்கையாக. ஏஜென்ட் கிராப் செய்தால் சில நேரம் நெற்றிச்சுட்டி வெட்டுப்படுகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

கோவைநிரலர் எழுதியது:

படத்தையும் அந்த எச்டிஎம்எல்லுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள். ஓபிஎஸ்ஸில் கிராப் வேண்டாம். ஒரு நிலையான சட்டம், அதற்குள் படம், அதன் ஸ்டைலில் ஆப்ஜெக்ட் ஃபிட் மதிப்பு கவர். எந்த அளவில் வந்தாலும் சட்டம் நிரம்பும், நீட்சி வராது. வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை ஆப்ஜெக்ட் பொசிஷன் சொல்லும், செங்குத்துக்கு 20 சதவீதம் வைத்துப் பாருங்கள். நெட்டுப் படத்தில் வெட்டு பெரும்பாலும் கீழ்ப்பக்கம் போகும், தலைக்கு மேலே இடம் மிஞ்சும். படுக்கைப் படத்தில் வெட்டு பக்கவாட்டில் விழும், அதற்குக் கிடைமட்டம் 50. அந்த இரண்டு எண்ணையும் ஜேசனில் வைத்துவிட்டால், ஸ்கிரீன்ஷாட் பார்த்து ஏஜென்ட் அந்த எண்களை மட்டும் மாற்றட்டும்.

நெல்லைலைவ் எழுதியது:

வைத்துப் பார்த்தேன். பழைய படங்கள் 11இல் 10 அப்படியே சரியாக விழுந்தது. ஒன்றில் மாப்பிள்ளை ரொம்ப உயரம், அதற்குச் செங்குத்து 8 சதவீதம் கொடுத்தேன். ஆவணி முதல் முகூர்த்தம் பாளையங்கோட்டையில், காலை 6 முதல் 7.30.